நெகிழ் திரை சப்ஸ்ட்ரேட்டின் அடியில் காடிகள்: எக்ஸாமினரின் ஆட்சேபத்துக்கு என்ன பதில்?

#1 மென்தகடு

விவாதத்துக்கு ஒரு காப்புரிமை விண்ணப்பத்தின் மாதிரி கிளைமும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வரையறை), அதற்குக் காப்புரிமை அலுவலக எக்ஸாமினரிடமிருந்து வந்த ஆட்சேபமும் வைக்கிறேன். வளையும் திரைகளில் அடிக்கடி வரும் வகைதான் என்பதால் எல்லோருக்கும் பயன்படும்.

கிளைம் 1 சுருக்கமாக: இரண்டு தட்டைப் பகுதிகள், நடுவே ஒரு வளைவுப் பகுதி கொண்ட நெகிழ் சப்ஸ்ட்ரேட் (திரையின் அடித்தளம்), அதில் கீழ் பாலிஇமைடு (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) அடுக்கு, ஈரம் புகாமல் காக்கும் தடுப்புப் படலம், மேல் பாலிஇமைடு அடுக்கு, வளைவுப் பகுதியில் கீழ் அடுக்கின் அடிப்புறத்தில் வளைவு அச்சுக்கு இணையாகப் பல காடிகள் (நீளப் பள்ளங்கள்). கிளைம் 2: காடியின் ஆழம் கீழ் அடுக்குத் தடிமனில் 40 முதல் 60 சதவீதம். கிளைம் 4: வளைவுப் பகுதியில் தடுப்புப் படலம் இல்லை, அந்த இடத்தை மேல் பாலிஇமைடு நிரப்புகிறது.

எக்ஸாமினர் காட்டும் முந்தைய ஆவணங்கள் இரண்டு. ஆவணம் 1: மடங்கும் திரை. பேனலுக்கு அடியில் ஒட்டிய 50 மைக்ரான் தாங்கு படலத்தில் இணையான காடிகள். ஆவணம் 2: பாலிஇமைடு, சிலிகன் டைஆக்சைடு, பாலிஇமைடு என்ற மூன்றடுக்கு சப்ஸ்ட்ரேட். "ஆவணம் 1-இன் காடியை ஆவணம் 2-இன் சப்ஸ்ட்ரேட்டுக்குக் கொண்டுபோவது துறை அறிந்தவருக்கு (அந்தத் துறையின் சாதாரணத் திறனாளருக்கு) இயல்பு" என்பது ஆட்சேபம். வரைபடத்தில் காடி பாதி ஆழத்துக்குத் தெரிகிறது என்று கிளைம் 2-ஐயும் நிராகரித்திருக்கிறார்.

"தாங்கு படலம் வேறு, சப்ஸ்ட்ரேட் வேறு" என்ற ஒரே வாதத்தில் நிற்க முடியுமா?

#2 நான்காம்_கிளைம்

அந்த ஒரு வாதத்தில் நிற்காதீர்கள். ஆவணம் 1-இல் தாங்கு படலத்தை எப்படி அழைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். "சப்ஸ்ட்ரேட் என்பது அடிப்படலமும் தாங்கு படலமும் சேர்ந்தது" என்ற மாதிரி ஒரு வரி பல விண்ணப்பங்களில் இருக்கும். இருந்தால் உங்கள் வேறுபாடு அங்கேயே கரைந்துவிடும். அமெரிக்காவில் கிளைமின் சொல்லுக்கு நியாயமான அளவில் மிக விரிந்த பொருளைத்தான் எக்ஸாமினர் எடுப்பார். ஐரோப்பாவில் 2025 ஜூனில் வந்த ஜி 1/24 முடிவுக்கு (ஐரோப்பியக் காப்புரிமை அலுவலக விரிவுபட்ட மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவு) பிறகு கிளைமைப் படிக்கும்போது விளக்கவுரையையும் வரைபடத்தையும் எப்போதும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் கிளைமில் இல்லாத வரம்பு அதனால் தானாக உள்ளே வந்துவிடாது.

தாங்கு படலத்தின் பொருள் பட்டியலையும் பாருங்கள். பாலிஎத்திலீன் டெரஃப்தலேட் என்று தொடங்கி வழக்கமாக ஐந்தாறு பாலிமர் வரும், அதில் பாலிஇமைடும் இருக்கும்.

#3 மென்தகடு

இரண்டும் இருக்கின்றன. சப்ஸ்ட்ரேட் 100 என்பது அடிப்படலம் 110, தாங்கு படலம் 120 இரண்டையும் உள்ளடக்கியது என்று ஒரு பத்தி. தாங்கு படலம் "பாலிஇமைடாகவும் இருக்கலாம்" என்று அடுத்த பத்தி. தடுப்புப் படலம் அடிப்படலத்துக்கு மேலேதான் இருக்கிறது.

#4 நான்காம்_கிளைம்

அப்படியென்றால் புதுமை தப்பிக்கிறது, மயிரிழையில். தடுப்புப் படலம் இரண்டு பாலிஇமைடுக்கு நடுவே என்ற வரிசை ஆவணம் 1-இல் இல்லை. அந்த வரிசை ஆவணம் 2-இல் இருப்பதால் சண்டை முழுக்க இன்வென்டிவ் ஸ்டெப்பில்தான் (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத கண்டுபிடிப்பா என்ற கேள்வி). பெயரை வைத்து வாதாடுவதை விடுங்கள். காடி எந்த அடுக்கில் இருந்தால் எந்தப் படலத்தின் திரிபு (நீளும் அல்லது சுருங்கும் விகிதம்) எவ்வளவு மாறும் என்பதுதான் இங்கே பேச்சு. கணக்கு தெரிந்தவர் வரட்டும்.

வரைபட விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். அளவுத் திட்டம் சொல்லாத படத்திலிருந்து விகிதம் அளந்து எடுக்க முடியாது. அமெரிக்காவில் 2000-இல் வந்த ஹாக்கர்சன்-ஹால்பர்ஸ்டாட் தீர்ப்பும் எக்ஸாமினர் கையேட்டின் 2125-ஆம் பிரிவும், ஐரோப்பாவில் டி 204/83 முடிவும் இதையே சொல்கின்றன. ஆவணம் 1-இன் உரையில் ஆழத்துக்கு எண் இல்லையென்றால் "பாதி ஆழம்" வெளிப்படுத்தப்படவில்லை. படத்தில் கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறு விஷயம், அது வெளிப்பாடுதான். காடி இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

#5 படலக்கணக்கு

கணக்கு போட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தின் எடுத்துக்காட்டு அடுக்கு வழக்கமானதாக இருக்கும் என்று வைத்து, கீழிருந்து மேலாக: கீழ் பாலிஇமைடு 10 மைக்ரான், சிலிகன் டைஆக்சைடு 0.5, மேல் பாலிஇமைடு 6, கரிமச் சமன்படலம் 2, டைட்டானியம்-அலுமினியம்-டைட்டானியம் கம்பி 0.7, மேலே கரிமம் 2. யங் குணகம் (பொருளின் விறைப்பளவு) முறையே 8, 70, 8, 3, 80, 3 கிகாபாஸ்கல். வளைவு ஆரம் 0.3 மி.மீ., திரைமுகம் வெளிப்பக்கம். வளைவுப் பகுதியில் தாங்கு படலம் வெட்டி எடுக்கப்பட்டுவிடும், அதனால் கணக்கில் இல்லை.

நடுநிலைத் தளம் (வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் தளம்) காண: ஒவ்வோர் அடுக்குக்கும் குணகம், தடிமன், அடுக்கின் நடு உயரம் மூன்றையும் பெருக்கிக் கூட்டுங்கள். அதை, குணகமும் தடிமனும் பெருக்கிய கூட்டுத்தொகையால் வகுங்கள். காடி இல்லாதபோது 11.6 மைக்ரான் வருகிறது. கம்பியின் நடு 18.85-இல். இடைவெளி 7.2. அதை 300 மைக்ரானால் வகுத்தால் கம்பியில் 2.4 சதவீத இழுவைத் திரிபு.

கீழ் அடுக்கைப் பாதியாகக் குறைத்தால், அதாவது 5 மைக்ரான் மட்டும் மீதம் இருந்தால், தளம் 13.55-க்கு ஏறுகிறது. இடைவெளி 5.3, திரிபு 1.77 சதவீதம். இதுவரை விண்ணப்பதாரர் பக்கம் பலமாகத் தெரியும்.

இப்போது கவனியுங்கள். இந்த 1.77, வளைவுப் பகுதி முழுவதையும் ஒரே பள்ளமாகக் குறைத்தால் கிடைப்பது. கிளைம் சொல்வது பல காடிகள், நடுவே மேடுகள். காடி உள்ள இடத்தின் வளைவு விறைப்பு, மேட்டின் விறைப்பில் 49 சதவீதம்தான். ஒரே திருப்புத்திறனுக்கு (வளைக்கும் விசையின் திருப்பம்), விறைப்பு குறைந்த இடம் அதிகமாக வளையும். காடியும் மேடும் சம அகலமாக இருந்தால் காடிக்கு மேலே வளைவு சராசரியைவிட 1.34 மடங்கு. திரிபு 5.3 × 1.34 ÷ 300, அதாவது 2.37 சதவீதம்.

காடி போடாமலேயே 2.4. சம அகலக் காடியால் கிடைப்பது ஒன்றுமில்லை.

#6 மென்தகடு

இது பெரிய அடி. கிளைம் 1-இன் வீச்சில் சம அகலமும் அடங்குகிறதே.

#7 நான்காம்_கிளைம்

அதனால்தான் எக்ஸாமினர் கேட்பதற்கு முன்பே நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் பிரச்சினை-தீர்வு முறையில் (கண்டுபிடிப்பு எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது என்று பார்த்து மதிப்பிடும் முறை), சொல்லும் விளைவு கிளைமின் முழு வீச்சிலும் கிடைக்க வேண்டும். கிடைக்காத பகுதி இருந்தால் பிரச்சினையைச் சுருக்கி "மாற்று அமைப்பு ஒன்றைத் தருவது" என்று ஆக்கிவிடுவார்கள். அப்போது ஆவணம் 1-உம் 2-உம் சேர்ந்தாலே போதும், கிளைம் விழுந்துவிடும். அமெரிக்காவிலும் எதிர்பாராத விளைவு என்று வாதிட்டால், அந்த விளைவு கிளைமின் வீச்சுக்கு ஈடாக இருக்க வேண்டும்.

காடி அகலத்துக்கும் மேடு அகலத்துக்கும் உள்ள விகிதம் பற்றி விளக்கவுரையில் ஏதாவது இருக்கிறதா? விடை "இல்லை" என்றால் இந்த வழக்கு வேறு மாதிரி போகும்.

#8 மென்தகடு

பத்தி 47: "காடி அகலம் மேடு அகலத்தின் 4 மடங்கோ அதற்கு மேலோ இருப்பது நல்லது, அப்போது கம்பியின் திரிபு குறைகிறது." அதே பத்தியில் "காடி உள்ள இடத்தில் கீழ் அடுக்கின் மீதத் தடிமன் 40 முதல் 60 சதவீதம்" என்றும் இருக்கிறது. தடுப்புப் படலம் இல்லாத அமைப்பை வைத்துத்தான் அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்கிறது.

#9 படலக்கணக்கு

அப்படியானால் அந்த அமைப்புக்கே போட்டுப் பார்ப்போம். தடுப்புப் படலத்தை எடுத்து அந்த அரை மைக்ரானைப் பாலிஇமைடால் நிரப்பினால், காடி இல்லாதபோது கம்பித் திரிபு 2.33 சதவீதம். முழுப் பள்ளமானால் 1.55. காடி-மேடு விகிதம் 1:1 என்றால் 2.15, 2:1 என்றால் 1.90, 4:1 என்றால் 1.75, 9:1 என்றால் 1.64. விகிதம் 4-இல் விளைவு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது.

எச்சரிக்கை ஒன்று. இது மெல்லிய உத்திரக் கோட்பாட்டின் (பீம் தியரி) கணக்கு. காடியின் அகலம் அடுக்கின் மொத்தத் தடிமனான 21 மைக்ரானைவிடப் பல மடங்கு இருந்தால்தான் பொருந்தும். 20 மைக்ரான் அகலக் காடிக்கு இதை நம்பக் கூடாது, வரையறு உறுப்பு முறையில் (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) போட வேண்டும். காடியின் அடி மூலை கூர்மையாக இருந்தால் அங்கே தகைவு (உள் அழுத்தம்) குவியும். மடிப்புச் சுழற்சியில் முதலில் கிழிவது அந்த மூலைதான்.

#10 பொருள்_தேடல்

எக்ஸாமினர் அடுத்த சுற்றில் எங்கே தேடுவார் என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. காப்புரிமை ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கூட்டு வகைப்பாட்டில் (சி.பி.சி.) எச்10கே 77/111 நெகிழ் சப்ஸ்ட்ரேட்டுக்கானது, ஜி09எஃப் 9/301 மடக்கும், சுருட்டும் திரைகளுக்கு, எச்10கே 2102/311 நெகிழ் ஓ.எல்.ஈ.டி.க்கு. எச்10கே 2023-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களை எச்01எல் 51/0097-இலும் தேடுங்கள். பலர் மறப்பது எச்05கே 1/028: நெகிழ் அச்சுச் சுற்றின் வளைவுப் பகுதிகள். நெகிழ் சுற்றில் பாலிஇமைடை மெல்லியதாக்கி நடுநிலைத் தளத்தைச் செம்புக்குக் கொண்டுவருவது வெகு பழைய உத்தி. அங்கிருந்து ஓர் ஆவணம் வந்தால் அதைத் தூரத்துத் துறை என்று ஒதுக்கிவிட முடியாது.

#11 சுத்தஅறை

செய்முறைப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதில்தான் தெளிவின்மை ஆட்சேபம் ஒளிந்திருக்கிறது.

பாலிஇமைடு அடுக்கு தனிப் படலமாக வருவதில்லை. தாங்கு கண்ணாடியில் பாலிஇமைடின் முன்பொருளான பாலிஅமிக் அமிலக் கரைசலைப் பூசி, நைட்ரஜனில் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு உருவாக்குகிறோம். எல்லாம் முடிந்தபின் 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைக் கண்ணாடி வழியே செலுத்திப் பிரிக்கிறோம். ஆக, காடி வர வேண்டிய அடிமுகம் கடைசிவரை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். காடி போட வழி இரண்டு. ஒன்று, கண்ணாடியில் முன்பே மேடு வார்த்து, அதன்மேல் பூசுவது. மற்றது, பிரித்தபின் அடியிலிருந்து லேசராலோ ஆக்சிஜன் பிளாஸ்மாவாலோ தோண்டுவது.

முதல் வழியில் ஒரு பொறி இருக்கிறது. கரைசலில் திடப்பொருள் கன அளவில் 12.5 சதவீதம் என்று வைப்போம். 10 மைக்ரான் காய்ந்த படலத்துக்கு 80 மைக்ரான் ஈரப்படலம் பூச வேண்டும். கண்ணாடியில் 5 மைக்ரான் மேடு இருந்தால் அதன்மேல் ஈரப்படலம் 75. காய்ந்தபின் 9.4. அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் 5 மைக்ரான் ஆழக் காடி இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் படலத்தின் தடிமன் 5 ஆகவில்லை, 9.4-ஆகவே இருக்கிறது. படலம் மேட்டின்மேல் ஏறி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காயும்போது கொஞ்சம் வழிந்து சமன் ஆகும், அதை வைத்துப் பாதித் தடிமனுக்கு வர முடியாது.

#12 நான்காம்_கிளைம்

மிக முக்கியமான கவனிப்பு இது. கிளைம் 2 "காடியின் ஆழம்" என்கிறது, பத்தி 47 "மீதத் தடிமன்" என்கிறது. மேடு வார்க்கும் முறையில் இரண்டும் ஒன்றல்ல. நடுநிலைத் தளத்தை நகர்த்துவது மீதத் தடிமன்தான். ஆழம் என்று எழுதினால், விளைவே இல்லாத அமைப்பும் கிளைமுக்குள் வந்துவிடும்.

விண்ணப்பத்தில் எந்தச் செய்முறை எழுதியிருக்கிறது?

#13 மென்தகடு

இரண்டும். மேடு வார்ப்பது முதல் எடுத்துக்காட்டு, லேசரால் தோண்டுவது இரண்டாவது.

#14 சுத்தஅறை

இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவதை வைத்து 40–60 சதவீத மீதம் எடுக்க முடியும் என்று ஓர் எக்ஸாமினரை நம்ப வைப்பது கடினம். செய்து காட்டும் அளவுக்கு விளக்கம் இல்லை என்ற ஆட்சேபம் வரும்: ஐரோப்பாவில் பிரிவு 83, அமெரிக்காவில் 112(ஏ), இந்தியாவில் 10(4).

லேசரால் தோண்டும்போது ஆழம் துடிப்பு எண்ணிக்கையால் வருவது. தவறுவது மூன்று இடத்தில். படலத்தின் தடிமனே தகடு முழுதும் சீராக இல்லாவிட்டால் மீதம் இடத்துக்கு இடம் மாறும், ஏனென்றால் லேசர் தோண்டிய ஆழத்தைத்தான் அறியும், மீதத்தை அறியாது. கரிப்புகை காடியின் ஓரத்தில் படிந்தால் பின்னர் ஒட்டும் பசை பிடிக்காது. பிரித்தெடுத்த பேனல் சற்றுச் சுருண்டிருந்தால் குவியம் தப்பும், அதனால் வெற்றிட மேசையில் தட்டையாகப் பிடித்தே ஆக வேண்டும். விளக்கவுரையில் இவற்றில் ஒன்றிரண்டாவது எழுதியிருந்தால் வழக்குக்கு நல்லது.

#15 பொருள்_தேடல்

காடிக்குள் பசை நிறைந்துவிட்டால் கணக்கு மாறாதா?

#16 படலக்கணக்கு

ஒட்டும் பசையின் குணகம் மெகாபாஸ்கலுக்கும் கீழே. பாலிஇமைடு 8 கிகாபாஸ்கல். நான்கு தசம இடம் வித்தியாசம். நிறைந்தாலும் மாறாது. கடினமாகக் கெட்டியாகும் ரெசினை நிரப்பினால் மாறும்.

#17 நான்காம்_கிளைம்

இப்போது ஆவணம் 2-ஐ எதிர்த்து நல்ல வாதம் ஒன்று தெரிகிறது. தடுப்புப் படலத்தை ஏன் நடுவில் வைத்தார்கள் என்று அந்த ஆவணம் சொல்கிறதா?

#18 மென்தகடு

"நடுநிலைத் தளத்துக்கு அருகில் இருப்பதால் விரிசல் தவிர்க்கப்படுகிறது." இதே சொற்கள். தடிமன்களும் குணகங்களும் உரையிலேயே இருக்கின்றன.

#19 படலக்கணக்கு

அப்படியானால் அதன் கீழ் அடுக்கில் காடி போடுவது அந்த ஆவணத்தின் நோக்கத்துக்கே எதிரானது. மேலே போட்ட நம் அடுக்கில் பாருங்கள். காடி இல்லாதபோது ஆக்சைடு தளத்திலிருந்து 1.4 மைக்ரான் தள்ளி, அமுக்கத் திரிபு 0.46 சதவீதம். கீழ் அடுக்கைப் பாதியாக்கினால் தளம் கம்பியை நோக்கி ஏறிவிடும், ஆக்சைடு 3.3 மைக்ரான் தள்ளிப்போகும், திரிபு 1.1 சதவீதம். சம அகலக் காடியானால் 1.47. அமுக்கப் பக்கம் என்பதால் நேரான விரிசலைவிட நெளிந்து உரிவதே பயம். எப்படியானாலும் ஆவணம் 2 காப்பாற்ற நினைத்ததை இந்த மாற்றம் கெடுக்கிறது.

பதிலில் போடும்போது நம் அடுக்கை வைத்துப் போடாதீர்கள். ஆவணம் 2 தரும் தடிமனையும் குணகத்தையும் எடுத்து அதே வாய்பாட்டில் போடுங்கள். அப்போதுதான் எக்ஸாமினர் தானே சரிபார்க்க முடியும்.

#20 நான்காம்_கிளைம்

சரியாகச் சொன்னீர்கள். ஐரோப்பாவில் கேள்வி "செய்திருக்க முடியுமா" என்பதல்ல, "செய்திருப்பாரா" என்பது. கம்பியின் திரிபைக் குறைக்கத் தேடும் துறை அறிந்தவர் ஆவணம் 2-ஐக் கையில் வைத்துக்கொண்டு கீழ் அடுக்கைத் தோண்டமாட்டார், தோண்டினால் தடுப்புப் படலம் போகும். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 2007 கே.எஸ்.ஆர். தீர்ப்புக்குப் பிறகு இணைக்கும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் இணைத்தால் மாற்றப்படும் ஆவணத்தின் (இங்கே ஆவணம் 2) நோக்கமே கெடும் என்ற வாதம் இன்னும் நிற்கிறது.

ஆனால் இந்த வாதம் இருபக்கமும் வெட்டும். உங்கள் கிளைம் 1-இல் தடுப்புப் படலம் வளைவுப் பகுதியிலும் இருக்கலாம். அப்போது அதே கேடு உங்களுக்கும். ஆகவே கிளைம் 4-ஐ 1-க்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். காடியால் தளம் மேலே ஏறுகிறது, அதனால் கெட்டுப்போகும் படலம் அந்த இடத்தில் இல்லை. இரண்டு அம்சங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தொடர்பற்ற அம்சங்களின் வெறும் அடுக்கல் என்று எக்ஸாமினர் சொல்ல முடியாது.

#21 மென்தகடு

அப்படியானால் திருத்திய கிளைம் 1: பழைய 1, அதனுடன் கிளைம் 4, அதனுடன் பத்தி 47-இன் விகிதம். சரியா?

#22 நான்காம்_கிளைம்

விகிதத்தை மட்டும் தனியே பிடுங்காதீர்கள். அந்தப் பத்தியில் விகிதமும் மீதத் தடிமனும் சேர்ந்தே சொல்லப்பட்டிருக்கின்றன, இரண்டும் சேர்ந்துதான் விறைப்பு விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் ஐரோப்பாவில் பிரிவு 123(2)-இன்கீழ் இடைநிலைப் பொதுமைப்படுத்தல் (சேர்த்துச் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தல்) என்று நிராகரிப்பார்கள். மூல விண்ணப்பத்திலிருந்து நேரடியாகவும் ஐயமின்றியும் பெறக்கூடியதா என்பதே அளவுகோல். இந்தியாவில் பிரிவு 59 கேட்பது, திருத்திய கிளைம் பழைய கிளைமின் வீச்சுக்குள் முழுமையாக அடங்க வேண்டும், விளக்கவுரையில் இருந்திருக்க வேண்டும் என்று. இங்கே இரண்டும் பொருந்துகிறது.

வரைவு இப்படி இருக்கலாம்: "…வளைவுப் பகுதியில் தடுப்புப் படலம் இல்லை, மேல் பாலிஇமைடு அடுக்கு அங்கே கீழ் பாலிஇமைடு அடுக்கை நேரடியாகத் தொடுகிறது, கீழ் அடுக்கின் அடிமுகத்தில் வளைவு அச்சுக்கு இணையாகப் பல காடிகள், அவற்றிடையே மேடுகள், காடி உள்ள இடத்தில் கீழ் அடுக்கின் தடிமன், மேடு உள்ள இடத்தின் தடிமனில் 40 முதல் 60 சதவீதம், அச்சுக்குச் செங்குத்தான திசையில் ஒவ்வொரு காடியின் அகலமும் அடுத்துள்ள மேட்டின் அகலத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு."

"நேரடியாகத் தொடுகிறது" என்பதற்கு உரையில் ஆதாரம் இருக்கிறதா பாருங்கள். நிரப்புகிறது என்று கிளைம் 4 சொல்வதால் பெரும்பாலும் தப்பும். ஐயமிருந்தால் "நிரப்புகிறது" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சொல் எப்போதும் பாதுகாப்பு.

#23 மென்தகடு

படலக்கணக்கு போட்ட 1.75, 2.15 எண்களைப் பதிலோடு இணைக்கலாமா? விண்ணப்பத்தில் எண் இல்லை, "திரிபு குறைகிறது" என்ற வாக்கியம் மட்டுமே.

#24 நான்காம்_கிளைம்

இணைக்கலாம், அந்த வாக்கியம் இருப்பதால்தான். ஐரோப்பாவில் 2023 மார்ச்சில் வந்த ஜி 2/21 முடிவின்படி, பின்னால் தரும் சான்று காட்டும் விளைவை, துறை அறிந்தவர் மூல விண்ணப்பத்தின் தொழில்நுட்பப் போதனைக்குள் அடங்கியதாகப் பெற முடிய வேண்டும். கம்பியின் திரிபு குறைகிறது என்பது 4 மடங்கு விகிதத்தோடு ஒரே பத்தியில் இருக்கிறது, ஆக நிற்கும். அமெரிக்காவில் விதி 1.132-இன்கீழ் உறுதிமொழியாகக் கொடுங்கள், இந்தியாவில் பிரிவு 79-இன்கீழ் பிரமாணப் பத்திரம். குணகம், தடிமன், ஆரம் எல்லாவற்றையும் அட்டவணையாகத் தாருங்கள். 1:1-இல் பலன் சொற்பம் என்ற எண்ணையும் மறைக்காதீர்கள். 4-இல் கோடு ஏன் போட்டோம் என்பதற்கு அதுவே காரணம். "வழக்கமான உகப்பாக்கம்தான்" (நல்ல அளவைத் தேடிப் பார்த்தது மட்டுமே) என்ற பதிலுக்கும் அதிலேயே விடை இருக்கிறது: காடி போட்டவர் எவரும் சம அகலத்தில் தொடங்கியிருப்பார், அங்கே பலன் தெரியாமல் அந்த வழியையே விட்டிருப்பார்.

#25 பொருள்_தேடல்

காலக்கெடு ஒன்று நினைவூட்டுகிறேன். இந்தியாவில் முதல் ஆய்வறிக்கைக்கு 6 மாதம், கெடு முடிவதற்குள் கேட்டால் இன்னும் 3 மாதம். அமெரிக்காவில் வழக்கமாக 3 மாதம், கட்டணம் கட்டி 6 வரை. மூன்று இடத்திலும் ஒரே நாளில் பதில் தர வேண்டியதில்லை, ஆனால் ஓரிடத்தில் "சப்ஸ்ட்ரேட்" என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் மற்ற இடத்தில் எடுத்துக்காட்டப்படும். ஒரே சொல்லை ஒரே பொருளில் எழுதுங்கள்.

#26 மென்தகடு

மேடு வார்க்கும் முதல் எடுத்துக்காட்டை என்ன செய்வது? திருத்திய கிளைமுக்கு அது பொருந்தாது.

#27 நான்காம்_கிளைம்

ஐரோப்பாவில் விளக்கவுரையைக் கிளைமுக்கு இணங்கத் திருத்தச் சொல்வார்கள், "கோரப்படும் கண்டுபிடிப்பின் பகுதி அல்ல" என்று குறித்துவிடுங்கள். நீக்க வேண்டாம். ஏறி இறங்கும் படல வடிவத்துக்குத் தனிப் பயன் இருக்கிறது என்று விண்ணப்பதாரர் நினைத்தால் அதைப் பிரிவு விண்ணப்பமாக (இதிலிருந்து பிரித்துத் தனியே தாக்கல் செய்யும் விண்ணப்பம்) போடலாம்: ஐரோப்பாவில் தாய் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை, இந்தியாவில் பிரிவு 16-இன்கீழ் காப்புரிமை வழங்கப்படும் முன்.

#28 சுத்தஅறை

அப்படிப் போட்டால் அந்த வடிவத்தின் மேல்முகத்தில் 4.4 மைக்ரான் புடைப்பு இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கம்பி ஓட்டும்போது ஒளிவரைவின் (ஒளியால் கம்பி வடிவம் பதிக்கும் முறை) குவிய ஆழம் போதுமா என்று அடுத்த எக்ஸாமினர் கேட்பார்.

#29 மென்தகடு

கவனிக்கிறேன். ஆவணம் 2-இன் எண்களைப் போட்டு அட்டவணையை இங்கேயே பதிகிறேன், படலக்கணக்கு ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.